மாதிரியுரு என்னும் கலைச்சொல்

கணித அளவையியலின் கிளைகளுள் ஒன்று மாதிரியுருக் கோட்பாடு. ஒரு மொழியில் அமைந்த கூற்றுகளுக்கும், அவற்றை மெய்யாக்கும் கணித அமைப்புகளுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் இத்துறை பெரும்பாலும் பட்டப்பின் படிப்பிலேயே பயிலப்படுகின்றது. போலந்து அறிஞர் ஆல்பிரட் தார்ஸ்கி 1933 இல் உண்மைக்கு வகுத்த வரையறை இதற்கு அடிப்படையாயிற்று. இதன் தலைச்சொல்லாகிய 'மாதிரியுரு' தன் பொருளைச் செவ்வனே உணர்த்துகின்றதா என்பது ஊவாத் தோட்டப்புற மாணவர்க்குச் சிறு வினா அன்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. இன்று அம்மாணவர் உயர்தரம் வரை தமிழிற் கற்கின்றனர். பதுளையில் 2005 இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமோ ஆங்கிலத்திற் கற்பிக்கின்றது. தமிழிற் கொண்ட கருத்து மயங்கியிருப்பின், அம்மயக்கம் ஆங்கிலச் சொல்லின் பின்னே மறைந்து உடன்செல்லும்.

அணுவின் மாதிரியுரு எனப் பாடநூல் கூறுமிடத்து, அணு முதற்பொருள். மாதிரியுரு அதன் சாயல். தெமோதரை நிலையத்தைச் சுற்றிவந்து அதன் அடியிலேயே நுழைந்து செல்லும் புகையிரதப் பாதையை மரத்தாற் செய்து காட்டினும் அவ்வாறே. அளவையியலில் இம்முறை தலைகீழாகின்றது. கூற்றுகளே அங்கு முதலில் வைக்கப்படுவன. அவற்றை மெய்யாக்கும் அமைப்பே மாதிரியுரு. பாதையைப் பற்றிய விவரணம் கோட்பாடு எனின், மெய்யான பாதையே அதற்கு மாதிரியுரு ஆகும்.

"எவ்விரு வேறு உறுப்புகளுக்கும் இடையே மூன்றாவதொன்று உண்டு" என்னும் கூற்றை எடுத்துக்கொள்க. புகையிரத நிலையங்களின் வரிசையில் இது பொய். ஹாலிஎலைக்கும் பதுளைக்கும் இடையே வேறு நிலையம் இல்லை. விகிதமுறு எண்களின் வரிசையில் இது மெய். மெய்யெண்களின் வரிசையிலும் மெய். கூற்று மாறவில்லை, அமைப்பே மாறியது. மாதிரியுருவைச் சாயல் என்று கொண்ட மாணவர், இவ்வெண்கள் எதன் சாயல் எனத் தேடி இடர்ப்படுவர். இக்குறை தமிழுக்கே உரியதன்று. ஆங்கிலச் சொல்லும் அதே மயக்கமுடையது. மொழிபெயர்த்தோர் சொல்லோடு மயக்கத்தையும் பெயர்த்தனர்.

எனினும் 'மாதிரி'யை முற்றாகத் தள்ளுதல் நடுநிலை ஆகாது. தேயிலைத் தொழிலில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில், சுவைஞர் சிறு மாதிரியைச் சுவைத்தே முழுச் சரக்கையும் மதிக்கின்றனர். இம்மாதிரி சாயல் அன்று. முழுமையின் குணத்தைக் காட்டும் அதன் பகுதி. தார்ஸ்கியும் ராபர்ட் வோட்டும் 1957 இல் ஆராய்ந்த ஒரு தொடர்பு இதனோடு ஒத்தது. பேரமைப்பொன்றினுள் ஒரு சிற்றமைப்பு அடங்கியிருக்கும். சிற்றமைப்பின் உறுப்புகளைப் பற்றி, 'எல்லா உறுப்பும்', 'ஏதேனும் ஓர் உறுப்பு' என்ற அளவிற் பேசும் மொழியிற் சொல்லத்தக்க யாவும், இரண்டிலும் ஒருங்கே மெய்யாகும் அல்லது ஒருங்கே பொய்யாகும். வரிசையளவில், மெய்யெண்களினுள் விகிதமுறு எண்கள் இத்தகையன. விகிதமுறு எண்களை ஒன்று, இரண்டு என எண்ணி வரிசைப்படுத்தலாம். மெய்யெண்களை அவ்வாறு செய்ய இயலாது. ஆயினும் அவ்வேறுபாட்டை அம்மொழி உரைக்க மாட்டாது. இத்தகைய மொழிக்கு முடிவிலியின் அளவைச் சுட்டும் ஆற்றல் இல்லை என்பதை லோவன்ஹைம் 1915 இலும் ஸ்கோலம் 1920 இலும் நிறுவிய தேற்றம் வெளிப்படுத்தியது. மாதிரித் தேயிலையும் குணத்தைச் சொல்லுமன்றிச் சரக்கின் நிறையைச் சொல்லாது. சுவைஞரின் மதிப்பீடு பிழைக்கலாம், இங்கோ ஒப்புமை பிழையாது என்பதே வேறுபாடு.

ஆகவே வேரூன்றிய சொல்லைக் களைய வேண்டுவதில்லை. முதல் வரையறையில் 'மெய்யாக்கும் அமைப்பு' என விளக்கி, அதன் பின்னரே 'மாதிரியுரு' என்னும் பெயரை வழங்குதல் தகும். சாயல் என்னும் பொருள் அவ்விடத்தில் விலக்கப்படல் வேண்டும். பகுதி முழுமையைக் காட்டும் பொருள், சிற்றமைப்பைக் கற்கும் இடத்திற்கு உரியதாகட்டும். தேயிலை மாதிரி இன்னதென வீட்டிலேயே அறிந்த மாணவருக்கு அவ்விடம் அயலானது அன்று.