விருந்தாளியின் சிமெண்ட்: ஸ்டூவர்ட் பிராண்டை சாணார்பட்டியில் திரும்பப் படித்தது

ரெண்டு வருஷமா எனக்கு நிலையான வீடு கிடையாது. மடிக்கணினி இருந்தால் போதும் என்கிற வேலை. நண்பர்கள் வீடுகளில் சில வாரம், சில மாசம் என்று தங்கி நகர்ந்துகொண்டே இருக்கிறேன். வாடகை கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை. அதனால் தங்கும் வீட்டில் ஏதாவது ரிப்பேர் வேலை செய்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒழுகுற குழாய்க்கு வாஷர், இறங்கிப்போன கதவுக்குப் புதுக் கீல், உடைஞ்ச ஓட்டை மாற்றுவது, இப்படி.

இந்த வேலைக்கு நான் துணையாக வைத்திருந்தது ஸ்டூவர்ட் பிராண்ட் 1994-இல் வெளியிட்ட ‘ஹவ் பில்டிங்ஸ் லேர்ன்’. கட்டி முடித்த பிறகு ஒரு கட்டடத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் அதன் விஷயம். 1997-இல் பிபிசி இதை ஆறு பகுதித் தொடராகவும் எடுத்தது. புத்தகத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் அடுக்குப் படம். கட்டடம் என்பது ஒரே பொருள் கிடையாது, ஆறு அடுக்கு என்கிறார் பிராண்ட். அடிமனை, கட்டுமானம், வெளித்தோல், குழாய்-மின்கம்பி, அறைப் பிரிப்பு, தட்டுமுட்டுச் சாமான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயசு. கட்டுமானம் 30 முதல் 300 வருஷம், வெளித்தோல் 20 வருஷம், குழாயும் கம்பியும் 7 முதல் 15 வருஷம். சீக்கிரம் மாறுகிற அடுக்கு மெதுவாக மாறுகிற அடுக்கோடு பின்னிக்கொள்ளாமல் இருந்தால் கட்டடம் நீடிக்கும். ஃபிராங்க் டஃபி என்ற கட்டடக் கலைஞரின் நாலு அடுக்கு யோசனையை பிராண்ட் விரித்துச் சொன்னது இது. எனக்கு ரொம்பப் பிடித்த படம். சாணார்பட்டியில் நான் தப்புப் பண்ணியதும் இதை நம்பித்தான்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற வழியில் இருக்கிற ஊர் சாணார்பட்டி. அங்கே நண்பனின் பூர்வீக வீடு. மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான், வீட்டில் அவனுடைய அம்மா மட்டும். போன வருஷம் அங்கே நாலு நாள் தங்கினேன். அடுப்படிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. வெளித்தோல்தானே, தனி அடுக்குதானே என்று நினைத்தேன். சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்ட் கலவை போட்டு, மட்டக்கோல் வைத்து வழவழவென்று பூசிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. நானும் கிளம்பிவிட்டேன்.

இந்த வருஷம் போனபோது ஓதம் இடுப்புக்கு ஏறியிருந்தது. பூச்சைத் தட்டினால் பொள்ளல் சத்தம். ஓரிடத்தில் பாளமாகப் பெயர்ந்து, கூடவே மண்ணையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. காரணம் எளிமையானது. மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளும். அதாவது இந்த வீட்டில் தோலும் கட்டுமானமும் தனித்தனி அடுக்கு கிடையாது. ரெண்டும் சேர்ந்துதான் மூச்சு விடுகின்றன.

அம்மா கோபப்படவில்லை. “தம்பி, நீங்க பூசிட்டுப் போயிட்டீங்க. உதிர்றத நான்தான தினமும் கூட்டி அள்றேன்” என்றார். அதற்கு முன்னால் பொங்கலுக்குப் பொங்கல் அவரே சுண்ணாம்பு அடித்து, விட்டுப்போன இடத்தைத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தவர். நான் சிமெண்ட் போட்ட பிறகு அந்தச் சுவரில் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

அப்புறம்தான் புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். நியாயமாகச் சொன்னால், எனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கிறது. பராமரிப்பு பற்றிய அத்தியாயத்தில் பிராண்ட் பொருள்களை ரெண்டு வகையாகப் பிரிக்கிறார். கெட்டுப்போகும் முன்னாலேயே கெட்டது போலத் தெரிகிறவை ஒரு வகை. உள்ளே கெட்டுப்போய் ரொம்ப நாளைக்கு வெளியே நன்றாகத் தெரிகிறவை இன்னொரு வகை. முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள் என்பது அவர் கட்சி. உதிர்கிற சுண்ணாம்பு முதல் வகை. என் சிமெண்ட் ரெண்டாவது. படம் மனசில் நின்ற அளவுக்கு இந்த அத்தியாயம் எனக்கு நிற்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

ஆனால் புத்தகத்தின் குறை ஒன்றும் இருக்கிறது. பிராண்ட் ஒவ்வொரு அடுக்குக்கும் பொருளின் வயசைக் கணக்குப் போடுகிறார். அந்த அடுக்கைத் தொடுகிற ஆளின் நேரத்தைக் கணக்கில் வைப்பதில்லை. குடியிருப்பவர் பக்கம் நின்று கட்டடக் கலைஞர்களைச் சாடுகிறவர்தான். ஆனாலும் அவர் கண்ணில் குடியிருப்பவர் பெரும்பாலும் உரிமையாளர், தன் வீட்டைத் தானே மாற்றி அமைக்கக்கூடியவர். கூட்டி அள்ளுகிறவர் அந்தப் படத்தில் எந்த அடுக்கு? வேலையை முடித்த மறுநாள் பஸ் ஏறுகிற என்னைப் போன்ற ஆளுக்கும் அதில் இடம் இல்லை. நாலு நாளில் முடியணும், முடிந்தது போலத் தெரியணும் என்பது விருந்தாளியின் அவசரம். அந்த அவசரத்துக்குத் தோதான பொருள் சிமெண்ட்.

இந்த இடத்தில் எனக்கு லாரி பேக்கர் நெருக்கமாகத் தெரிகிறார். 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷம் வாழ்ந்து, பிறகு கேரளத்தில் வேலை செய்தவர். உள்ளூர்க்காரர்கள் மண்ணையும் கல்லையும் வைத்துத் தங்கள் சிக்கல்களை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பித்தோராகரில் கண்டுகொண்டார். அவர் வரைந்த சின்னச் சின்ன கையேடுகளில் கோட்பாடு குறைவு. ஆனால் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் புரியும்படி படம் இருக்கும். வேலை யார் கையில் மிஞ்சப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறை சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தேன். சுவர் காய்வதற்கே பல நாள் ஆனது. ஊரிலிருந்த வயசான கொத்தனார் ஒருவரிடம் கேட்டு, சுண்ணாம்பை ஊறவைத்து நீத்து, மணல் சேர்த்து முதல் பூச்சு மட்டும் பூசினோம். சுண்ணாம்பு காற்றைப் பிடித்து இறுகுகிற பொருள், அவசரப்படுத்த முடியாது. ரெண்டாவது பூச்சு போடும் முன்னாலேயே நான் கிளம்ப வேண்டியிருந்தது. மிச்சத்தை அம்மாவும் கொத்தனாரும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர்களுக்குத் தெரிந்த வேலைதான் அது.

பிராண்டின் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் பராமரிப்பு அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு அடுக்குப் படத்துக்கு வாங்க. யார் வீட்டிலாவது கரணையைக் கையில் எடுக்கும் முன்னால், நீங்க போன பிறகு அந்தச் சுவரைத் தொடப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. நான் கேட்டிருந்தால் அம்மா முதல் நாளே சொல்லியிருப்பார்.