மூக்குப்பட்டைக்குள் எத்தனை விரல்?

வாரக் கடைசியில் மட்டும் குதிரையேறும் ஒருவர், ஒலிம்பிக் அளவில் போட்டியிடும் ஒருவரின் குதிரையைப் படத்தில் பார்த்துவிட்டு, "மூக்குப்பட்டை ரொம்ப இறுக்கமா இருக்கே" என்கிறார். உடனே பதில் வருகிறது: "நீங்க எத்தனை கிராண்ட் பிரீ ஓட்டியிருக்கீங்க?" ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரைக்காரர்கள் கூடும் இடங்களில் இந்தச் சண்டை பல வருஷமாக ஓயாமல் நடக்கிறது. நான் குதிரை ஏறியவன் அல்ல. ஆனால் ஒரு கைத்தொழிலைப் பற்றி வெளியாள் எதுவரை பேசலாம் என்ற கேள்வி எனக்கு எப்போதும் பிடிக்கும். அதை விரல் கணக்கில் அளந்தே பார்க்க முடிகிற இடம் இது என்பதால், கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அந்தப் பதில் பாதி சரி, பாதி தப்பு என்று தோன்றுகிறது. எந்தப் பாதி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சாமான்களைப் பார்த்துவிடுவோம். குதிரையின் வாய்க்குள் குறுக்கே போகும் இரும்பு, பிட். அதன் இரு முனைகளிலிருந்து சவாரிக்காரரின் கைக்கு லகான் வரும். மூக்குப்பட்டை என்பது வேறு. மூக்கெலும்பைச் சுற்றிவந்து தாடைக்கு அடியில் பக்கிள் மாட்டும் ஒரு தோல் வார். குதிரை வாயை அகலத் திறந்து பிட்டின் அழுத்தத்திலிருந்து நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் போகவேண்டும் என்பது பழைய கையேடுகளில் உள்ள வழக்கம். குதிரையேற்றப் பள்ளிக்கு முதன்முதலில் போகும் குழந்தைக்கும் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆக, படத்தைப் பார்த்து முணுமுணுக்கிற அந்த வாரக்கடைசிக்காரர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலே அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தைத்தான் திருப்பி ஒப்பிக்கிறார்.

இப்போது புழக்கத்தில் உள்ள 'கிராங்க்' வகைப் பட்டையில் வார் ஒரு வளையத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது. கிணற்றுக் கப்பி மாதிரி, கொஞ்சம் இழுத்தாலே நிறைய இறுகும். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர்லா டோஹர்ட்டியும் சக ஆய்வாளர்களும் போட்டிகளுக்கு வந்த 750 குதிரைகளில் இந்த இடைவெளியை அளந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விரலுக்கு விரல் தடிமன் மாறும் என்பதால், அளவு குறித்த கூம்பு வடிவக் கருவி ஒன்றைப் பட்டைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார்கள். இரண்டு விரல் இடைவெளி இருந்தது வெறும் 7 சதவீதக் குதிரைகளில். 44 சதவீதக் குதிரைகளில் கருவியின் நுனியே உள்ளே போகவில்லை. இரண்டு விரல் என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், களத்தில் போய்ப் பார்த்தால் நிலைமை இது.

ஏன் இப்படி ஆனது? சவாரிக்காரர்கள் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் டிரெஸ்ஸாஜ் போட்டியின் மதிப்பெண் முறையைப் பார்த்தால் இன்னொரு காரணம் கிடைக்கிறது. குதிரை எவ்வளவு அமைதியாக, நுட்பமான சைகைக்குக் கட்டுப்பட்டு அசைவுகளைச் செய்கிறது என்று நடுவர்கள் மதிப்பெண் போடும் போட்டி அது. நாக்கை வெளியே நீட்டுவது, பிட்டுக்கு மேலே இழுத்துக்கொள்வது, பல்லை நறநறப்பது எல்லாம் பதற்றத்தின் அல்லது எதிர்ப்பின் அறிகுறிகள், நடுவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் வாய் திறந்தால் மதிப்பெண் போகும் என்றால் என்ன நடக்கும்? கையைப் பதமாக்கக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும். வாரை இன்னொரு துளை இறுக்க ஐந்து விநாடி போதும்.

இதில்தான் எனக்கு "நீங்க ஓட்டியிருக்கீங்களா?" என்ற பதில் அடிவாங்குகிறது. வாயைத் திறப்பது குதிரை சொல்லக்கூடிய சில புகார்களில் ஒன்று. பட்டையை இறுக்கினால் அழுத்தம் குறைவதில்லை, புகார்தான் நிற்கிறது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது குதிரைக்கு வலி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் வலி இருக்கலாம் என்று கொள்ளவேண்டும். பற்கள் விலகும்படி வாயைத் திறந்து 10 விநாடியோ அதற்கு மேலோ வைத்திருப்பது அவற்றில் ஒன்று. இறுகக் கட்டிய குதிரையால் அந்த ஒன்றைக் காட்டவே முடியாது. நடுவருக்குத் தெரிவது அமைதியான வாய். சவாரிக்காரருக்கும் கையில் அமைதியாகத்தான் தெரியும். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், கண்ணுக்கு வரவேண்டிய தகவலே வராமல் தடுக்கப்பட்டிருக்கும்போது அந்த அனுபவம் எதை வைத்து முடிவெடுக்கும்?

வாயை மூடிய குதிரை நிம்மதியாக இருக்கிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சிட்னியில் கேட் ஃபென்னரும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. இரட்டைக் கடிவாளம் அதுவரை பழகாத 12 குதிரைகள். பட்டை கட்டாமல், இரண்டு விரல் இடைவெளியில், ஒரு விரல் இடைவெளியில், இடைவெளியே இல்லாமல் என்று நான்கு நிலைகள். இடைவெளி இல்லாதபோது இதயத் துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பநிலை கூடியது, மெல்லுவது வெகுவாகக் குறைந்தது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அடுத்து நடந்ததுதான். பட்டையைக் கழற்றியதும் குதிரைகள் கொட்டாவி விட்டன, எச்சில் விழுங்கின, நக்கின. அதுவும் வழக்கத்தைவிட அதிகமாக, அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் செய்வதுபோல. பன்னிரண்டு குதிரை சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் விழுங்கக்கூட முடியாமல் கட்டுவதற்கு நியாயம் சொல்லவேண்டியவர் கட்டியவர்தான், கேட்டவர் அல்ல.

வெளியாள் வாயைத் திறந்ததால் சாமான் மாறியதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. விக்டோரியா காலத்து லண்டனில் பணக்காரர் வீட்டு வண்டிக் குதிரைகளுக்கு 'பேரிங் ரெயின்' என்று ஒரு வார் மாட்டுவார்கள். பிட்டிலிருந்து மேலே போய் முதுகுச் சாமானில் கோர்க்கப்படும். குதிரை தலையைத் தாழ்த்தவே முடியாது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மேட்டில் பாரம் இழுக்கும்போது கழுத்தை முன்னே நீட்டி உடம்பை வாரில் சாய்க்க முடியாமல் திணறும். இது இல்லாவிட்டால் குதிரை இடறி விழும் என்று வண்டியோட்டிகள் சொன்னார்கள். அதை எதிர்த்துப் புத்தகம் போட்ட எட்வர்ட் ஃபோர்டம் ஃபிளவர், தொழிலால் பீர் காய்ச்சுபவர். 1877இல் 'பிளாக் பியூட்டி' எழுதிய அன்னா சூவெல், சிறுவயதில் காலில் அடிபட்டு, சரியாக நடக்க முடியாமல் போன பெண். அமெரிக்காவில் அந்த நாவலை அச்சடித்துப் பரப்பிய ஜார்ஜ் ஏஞ்சல் ஒரு வக்கீல். மூன்று பேரும் வண்டியோட்டிகள் அல்ல. ஆனால் சூவெலை விவரம் தெரியாதவர் என்று சொல்லவும் முடியாது. நடக்க முடியாததாலேயே வாழ்நாள் முழுக்கச் சிறு வண்டி ஓட்டிப் பழகியவர். அமெச்சூர் என்பதும் அறியாதவர் என்பதும் ஒன்றல்ல. இந்த விவாதத்தில் இரண்டையும் ரொம்பச் சுலபமாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

போகட்டும், அந்தப் பதிலின் சரியான பாதிக்கு வருவோம். அது மூக்குப்பட்டையில் இல்லை, சேணத்தில் இருக்கிறது. சேணம் குதிரையின் முதுகில் சரியாக உட்காருகிறதா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். நடுவில் தொடாமல் முன்னாலும் பின்னாலும் மட்டும் பாரம் விழுகிறதா என்பது கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பயிற்சியோடு முதுகுத் தசையும் மாறுவதால் போன மாதம் பொருந்திய சேணம் இந்த மாதம் பொருந்தாமல் போகலாம்.

அதிலும் ஒரு பக்கமாகச் சரியும் சேணம்! பின்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் பளிச்சென்று தெரியும். "சேணம் சரியில்லை", "ஓட்டுறவர் கோணலா உட்கார்றார்" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். லீனா கிரேவேயும் சூ டைசனும் ஆராய்ந்தபோது, பல குதிரைகளில் காரணம் சேணமே இல்லை, பின்னங்காலில் இருந்த நொண்டல் என்று தெரிந்தது. மரப்பு ஊசி போட்டு வலியை நிறுத்தியதும் சேணம் நேராக நின்றது. கண் சரியாகத்தான் பார்த்தது, காரணம்தான் வேறு எங்கோ இருந்தது. இவர்களே 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நலமாக இருப்பதாக நம்பி வேலை வாங்கப்பட்ட 506 குதிரைகளைப் பார்த்தபோது ஏறக்குறைய பாதியில் நொண்டலோ நடையில் இறுக்கமோ இருந்தது. தினமும் கூடவே இருக்கும் உரிமையாளர்களுக்கே தெரியாத விஷயம் இது. அடுத்தவர் குதிரையைப் பற்றித் தூரத்திலிருந்து தீர்ப்பு எழுதுகிறவர் இந்த எண்ணை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆகவே 'விமர்சிக்கலாமா கூடாதா' என்று மொத்தமாகக் கேட்பதே சரியில்லை என்பது என் கட்சி. பட்டைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அளவு. அதைச் சொல்லத் திறமை வேண்டாம், கண்ணும் விரலும் போதும், குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று சொல்லச் சமையல் தெரிய வேண்டியதில்லை என்பதுபோல. சேணம் ஏன் சரிகிறது என்பது நோயைக் கண்டுபிடிக்கும் வேலை. அதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும், படித்திருக்க வேண்டும். முதலாவதில் கேள்வி கேட்டவரிடம் பதக்கப் பட்டியல் கேட்பது மழுப்பல். இரண்டாவதில் அதே கேள்வி நியாயமானது.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சம்பவம்தான் 2009இல் டென்மார்க்கின் ஓடென்சேயில் நடந்தது. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிக்கு முன்பு தயார் செய்யும் மைதானத்தில், கழுத்தை மிக வளைத்து ஓட்டப்பட்ட ஒரு குதிரையின் நாக்கு நீலமாக வெளியே தொங்கியது. குதிரைகளுக்கான ஒரு டேனிஷ் இணையத் தொலைக்காட்சி அதைப் படம்பிடித்து வெளியிட, சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனத்துக்குக் கண்டனங்கள் குவிந்தன. நாக்கு எதனால் நீலமானது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்பதை ஒரு துண்டுப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அந்தச் சவாரிக்காரர்மேல் கொட்டப்பட்ட வசையில் பெரும்பகுதிக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் பகிரங்கமான மைதானம் அது. தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த இடம். கேள்வியைக் கேட்கவைத்தது வெளியே இருந்தவர்களின் காமிராதான். 2010 பிப்ரவரியில் சம்மேளனம் லோசானில் கூட்டம் போட்டது. சுமார் 41,000 பேர் கையெழுத்திட்ட மனு அங்கே கொடுக்கப்பட்டது. முரட்டு பலத்தால் கழுத்தை வளைப்பது ஏற்கத்தக்கதல்ல என்று அறிவிப்பும் வந்தது.

அமெச்சூர்களுக்கும் ஒரு கசப்பு மருந்து உண்டு. மெட்டே உல்டாலும் ஹிலரி கிளேட்டனும் டென்மார்க்கில் 3,143 போட்டிக் குதிரைகளின் வாயைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்புண் அதிகம் இருந்தது இறுக்கிக் கட்டிய குதிரைகளில் அல்ல. மேல்பட்டை தளரத் தளரப் புண் கூடியது. மூக்குப்பட்டையே இல்லாதவற்றில்தான் ஆபத்து மிக அதிகம். 'தளர்த்து, குதிரை பிழைத்துக்கொள்ளும்' என்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு. பட்டையைக் கழற்றிவிட்டு அதே கையால் அதே வேகத்தில் லகானை இழுத்தால் பிட் வாய்க்குள் நகர்ந்து காயப்படுத்தும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இது என் ஊகம், ஆய்வு இதை நிரூபிக்கவில்லை. 'இறுக்கினால்தான் பாதுகாப்பு' என்று இதைத் தொழில்முறைக்காரர்கள் தூக்கிப் பிடிப்பதும் சரியல்ல. புண் வாயின் ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்த ஆய்வு, குதிரை விழுங்க முடிகிறதா என்று பார்க்கவில்லை.

எங்கே அளப்பது என்ற தகராறும் பல வருஷம் ஓடியது. கன்னப் பக்கம் சதை அமுங்கும். அங்கே விரலை விட்டால் இறுகிய பட்டைக்குள்ளும் போய்விடும். மூக்கெலும்பின் மேலே அமுங்க எதுவும் இல்லை. அங்கேதான் உண்மையான இடைவெளி தெரியும். ஆய்வாளர்கள் அங்கேதான் அளந்தார்கள், போட்டி அதிகாரிகள் நீண்ட காலம் கன்னத்தில்தான் விரலை விட்டுப் பார்த்தார்கள். 2025இல் சம்மேளனம் எல்லாச் சர்வதேசப் போட்டிகளுக்கும் பொதுவான அளவுக்கருவி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூக்கெலும்பின் மேலே நுழைத்துப் பார்க்கவேண்டும். வேண்டிய இடைவெளி 1.5 சென்டிமீட்டர். பாடப்புத்தகத்தின் இரண்டு விரல் இதைவிடக் கொஞ்சம் தாராளம்.