நாற்பது அங்குல ஆசை

சாக்ரமெண்டோவில் இருக்கும் இளைய நண்பர் ஒருவர் போன மாதம் கட்டம் போட்ட தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். பாறை ஏறுவதற்கென்றே ஒரு வண்டியைத் தன் கையால் கட்டப் போகிறார். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய திட்டம். "அண்ணா, ரெண்டு வருஷமா சேர்த்த காசு. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வெல்டிங் வச்சப்புறம் சொல்லாதீங்க" என்றார். கேட்டவர் உண்மையாகக் கேட்டதால் நானும் உண்மையாகவே எடைபோட்டுப் பார்த்தேன்.

தாளின் முதல் வரி ஜி.எம். 5.3 லிட்டர் வி8 எஞ்சின். அடுத்த வரி 40 அங்குல டயர். அதற்குக் கீழே பெரிய பிக்கப் வண்டிகளிலிருந்து கழற்றிய ஆக்சில்கள்: முன்னால் டானா 60, பின்னால் 14 போல்ட். பிறகு குழாய்களை வளைத்துக் கட்டும் சட்டகம், 1.75 அங்குல வெளிவிட்டம், 0.120 அங்குலத் தடிமன். பக்கத்தின் அடியில், இடம் போதாமல் சின்ன எழுத்தில்: "போற இடம் ரூபிகான். முடிஞ்சா ஜான்சன் வேலியும்."

அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். என் மறுப்பு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரூபிகான் பாதை கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில், லூன் ஏரிப் பக்கமிருந்து டஹோ ஏரிப் பக்கம் இறங்கும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 1953-இல் மார்க் ஸ்மித் தன் ஊரான ஜார்ஜ்டவுன் ஆட்களுடன் அங்கே ஜீப்பர்ஸ் ஜாம்பரீ என்ற கூட்டுப் பயணத்தைத் தொடங்கினார். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன்தான். அதன் முதல் கியர் 2.66, முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த கியர் 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6. எஞ்சின் 25 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பாதை இன்றைய அளவுக்கு அரிக்கப்படாத காலம் அது என்பது உண்மை. ஆனாலும் பாறை கேட்பது நிதானத்தையே என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஜீப் நிறுவனம் 2003-இல் ராங்ளர் வண்டிக்கு இந்தப் பாதையின் பெயரை வைத்தபோது, அதில் சேர்த்தது எஞ்சின் பலம் கிடையாது. நான்குக்கு ஒன்று என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸும், முன்னும் பின்னும் டானா 44 ஆக்சிலும், இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கர்களும்தான்.

ஜான்சன் வேலி வேறு உலகம். அது மொஹாவி பாலைவனம். அங்கே 2007-இல் தொடங்கிய கிங் ஆஃப் த ஹாமர்ஸ் பந்தயத்தில், திறந்த மணல்வெளியில் பறக்கும் அதே வண்டி அடுத்த பள்ளத்தாக்கில் பாறைக் குவியலிலும் ஏற வேண்டும். அந்தப் பந்தய வண்டிகளின் படங்கள்தான் இன்று எல்லோர் திட்டத்தாளிலும் நிழலாக விழுகின்றன. நண்பரின் வி8 அங்கிருந்து வந்தது. அவர் பந்தயம் ஓட்டப் போவதில்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை மனைவியையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு ரூபிகான் போவார். ஜான்சன் வேலி எப்போதாவது. பிறகு எதற்காக மணல்வெளியின் எஞ்சினைச் சுமந்துகொண்டு பாறையில் ஏற வேண்டும்?

எஞ்சின் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நான் மனத்தில் வைத்திருக்கும் மாற்று, சாமான்களோடு இரண்டு டன் ஜீப். டயர் 35 அங்குலம், அதாவது ஆரம் 0.445 மீட்டர். பாறை கிட்டத்தட்டச் செங்குத்து என்றே வைத்துக்கொள்வோம். சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து தர வேண்டிய முறுக்குவிசை சுமார் 8,730 நியூட்டன் மீட்டர். 2005, 2006-இல் வந்த நீள ராங்ளர் ரூபிகானின் ஆறு கியர் பெட்டியில் முதல் கியர் 4.46, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் 4.0, ஆக்சில் 4.10, பெருக்கினால் 73. எஞ்சின் கொடுக்க வேண்டியது 120 நியூட்டன் மீட்டர். உராய்வில் வீணாவதைச் சேர்த்தால் 150 என்று வையுங்கள். அந்த வண்டியோடு வரும் நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் உச்சம் ஏறக்குறைய 319. ஆக்சில் பல்சக்கரத்தை 5.13 ஆக மாற்றினால் பெருக்கம் 91 ஆகிறது. ஐட்லிங்கில் வண்டி மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும். பக்கத்தில் நடந்து வருபவர் நின்று நின்று வர வேண்டியிருக்கும். பாறையில் அதுதான் சரியான வேகம்.

வி8 இங்கே பயனில்லாத சுமை மட்டுமா? கெடுதலும் செய்யும். வழுக்கிச் சுற்றும் டயர் சட்டென்று பாறையைக் கவ்வும் நொடியில்தான் ஆக்சில் தண்டுகள் முறிகின்றன. எஞ்சின் பெரிதாக இருந்தால் அந்தச் சுற்றும் பெரிது, அடியும் பெரிது. கலிபோர்னியாவில் எஞ்சினை மாற்றிச் சாலையில் ஓட்டுவதென்றால் அதைப் புகைப் பரிசோதனையில் ரெஃபரி எனப்படும் நடுவரிடம் கொண்டுபோய், எஞ்சின் வந்த வண்டிக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் இருப்பதைக் காட்டியாக வேண்டும். அந்த வேலையை நண்பர் தாளில் எழுதவே இல்லை.

ஆக்சில் விஷயத்தில்தான் எனக்கே ஆச்சரியம் காத்திருந்தது. "டானா 60 போட்டா உடையாது" என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தத் திடீர் அடியை விட்டுவிட்டால், ஒரு சக்கரத்துக்குப் போகும் முறுக்கத்துக்கு உச்ச வரம்பு வைப்பது எஞ்சின் கிடையாது. அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும் எடையும், டயரின் ஆரமும், பாறையின் பிடிமானமும் சேர்ந்து வைக்கும் வரம்பு அது. பிடிமானம் தீர்ந்தால் டயர் வழுக்கிவிடும், அதற்குமேல் தண்டில் சுமை ஏறாது. பாறையில் சாய்ந்து நிற்கும்போது வண்டியின் பாதி எடை ஒரே சக்கரத்தில் இறங்குவது சாதாரணம். இரண்டு டன் ஜீப், 35 அங்குல டயர்: சுமார் 4,370 நியூட்டன் மீட்டர். நண்பரின் வண்டி வி8, பெரிய ஆக்சில்கள், 40 அங்குல டயர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து இரண்டரை டன்னுக்குக் குறையாது: சுமார் 6,230. அதாவது 1.43 மடங்கு.

இப்போது தண்டின் பலத்தைப் பார்ப்போம். டானா 44-இன் 30 ஸ்ப்ளைன் தண்டு 1.31 அங்குலம். டானா 60-இன் 35 ஸ்ப்ளைன் தண்டு 1.5 அங்குலம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். எஃகு ஒன்றே என்றால் 1.5 மடங்கு. சுமை 1.43 மடங்கு ஏறியது, பலம் 1.5 மடங்கு ஏறியது. கையில் மிஞ்சியது வெறும் ஐந்து சதவீதம். தண்டு அளவில் பார்த்தால் அத்தனை செலவும் தன் எடையையும் தன் டயரையும் தாங்கவே போய்விட்டது.

இதற்கு எதிராக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன் ஆக்சிலில் முதலில் போவது தண்டு அல்ல, சக்கரத்தருகே தண்டுகளை இணைக்கும் மூட்டான யூ ஜாயிண்ட். அங்கே டானா 60-க்கு உண்மையாகவே தெளிவான மேன்மை உண்டு. ராங்ளர் ரூபிகானின் முன் டானா 44, பெயர் பெரிதாக இருந்தாலும், சக்கரத்தை ஒட்டிய மூட்டில் சாதாரண ராங்ளரின் டானா 30 அளவு ஜாயிண்டையே வைத்திருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ரூபிகானில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு, இடது முன்சக்கரம் இரண்டு பாறைக்கிடையில் சிக்கியிருக்க, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடவே மிதித்தேன். கட்டையை உடைத்தாற்போல ஒரே ஒரு சத்தம். கீழே குனிந்து பார்த்தால் ஜாயிண்டின் ஒரு மூடி தெறித்துப் போய், அதைப் பிடித்திருந்த தண்டின் காது பிளந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸோடு மணலில் சிதறிக் கிடந்தன. சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருக்கும் 36 மில்லிமீட்டர் நட்டை அவிழ்த்து, பின்னாலிருந்து மூன்று போல்ட்டுகளை எடுத்தால் தண்டு முழுதாகக் கையோடு வந்துவிடும். மாற்றுத் தண்டு வைத்திருந்ததால் இரண்டு மணி நேரத்தில் கிளம்பினோம்.

அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த விஷயத்தில் என் முடிவைத் தீர்மானித்தது. பாறை வண்டியில் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். எது உடையட்டும் என்பதைத் திட்டம் போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். கைக்கருவியால், வழியிலேயே, ஒருவரே மாற்றக்கூடிய துண்டு உடையட்டும். ஜாயிண்ட் அப்படிப்பட்ட துண்டு. அதைப் பலப்படுத்திக்கொண்டே போனால் அடி உள்ளே நகர்ந்து பல்சக்கரத்தில் விழும். மலை நடுவில் பல்சக்கரத்தை மாற்ற ஒருவராலும் முடியாது.

டயர் உயரம் தரும் லாபத்திலும் இதே கதைதான். டயர் 35-லிருந்து 40 ஆனால் ஆக்சில் ஏறுவது பாதி, இரண்டரை அங்குலம். ஆனால் டானா 44-இன் பல்சக்கரம் 8.5 அங்குலம், 14 போல்ட்டினுடையது 10.5. அதை மூடியிருக்கும் உருண்டை உறை ஒரு அங்குலம் கூடுதலாகக் கீழே தொங்கும். நிகர லாபம் ஒன்றரை அங்குலம். அடியைச் சீவி எடுப்பவர்கள் உண்டு; அது இன்னொரு வேலை, இன்னொரு செலவு. கவிழும் கோணமும் அப்படியே. டயர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 62 அங்குலம், ஈர்ப்பு மையம் 31 அங்குல உயரம் என்றால், ஸ்பிரிங் தொய்வைக் கணக்கில் எடுக்காமல், 45 பாகையில் கவிழும். மையத்தை நான்கு அங்குலம் தூக்கினால் 41.5 பாகை. அதைத் திரும்பப் பெற அகலத்தை 70 அங்குலமாக்க வேண்டும். நண்பர் பெரிய ஆக்சிலால் வாங்கும் அகலம், பெரிய டயரால் இழக்கும் நிலைப்பை ஈடுகட்டவே தீர்ந்துவிடும்.

ஆனால் 40 அங்குல டயருக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 35 முட்டி நிற்கும் படிக்கட்டுப் பாறையில் 40 ஏறிவிடும். 35 விழும் குழியை 40 பாலம் போலக் கடந்துவிடும். ஜான்சன் வேலியின் பள்ளங்களில் அது சொகுசு இல்லை, தேவை. அங்கேயே கிடப்பவர் கட்டுவதானால், குழாய்ச் சட்டகம் கட்டு, 40 போடு, ட்ரெய்லரில் ஏற்றிப் போ என்றுதான் சொல்வேன். ஆனால் ரூபிகானை முழுக்கக் கடக்க 35 போதும். அங்கே நின்று பார்த்தால் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜீப்புகள்தான்.

சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயை வளைத்து, முனையை மீன்வாய் போல வெட்டி, முக்கோணம் முக்கோணமாகச் சேர்ப்பது அழகான வேலை. ஆனால் நண்பர் இதுவரை வெல்டிங் வைத்தது ஒரு கேட்டுக்கு மட்டும். தலைக்கு மேல் நிற்கப்போகும் குழாயில் கைப்பழக்கம் கற்கக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: 2005 அல்லது 2006-ஆம் வருட நீள ராங்ளர் ரூபிகான். வீல்பேஸ் 103.4 அங்குலம், குட்டை ராங்ளரைவிடப் பத்து அங்குலம் கூட. செங்குத்தில் பின்னோக்கிச் சாயும் பயம் அந்த அளவுக்குக் குறையும். எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில் உறைகள் வந்தபடியே இருக்கட்டும். முன் தண்டுகள் குரோமோலி எஃகுக்கு மாறட்டும், பழைய தண்டுகள் ஸ்பேராகப் பின்னால் கிடக்கட்டும். டயர் 35, வெளிவளையத்தில் போல்ட் போட்டு இறுக்கும் பீட்லாக் ரிம்மில். பாறையில் காற்றைப் பத்து பிஎஸ்ஐ-க்கு இறக்கினாலும் டயர் கழன்று வராது. வண்டியைத் தூக்குவது மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் தூக்கினால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் குட்டையான கன்ட்ரோல் ஆர்ம்கள் மிகவும் சரிந்து, ஏற்றத்தில் பின்பக்கம் எக்கித் துள்ளும். டயருக்கு இடம் வேண்டுமென்றால் ஃபெண்டரை வெட்டு. வெட்டுவதற்குக் காசு கிடையாது, ஈர்ப்பு மையமும் ஏறாது. அந்த வண்டியின் உண்மையான குறை அடிவயிறு. ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் தகடு ஃபிரேமுக்குக் கீழே தொங்குகிறது. ஒவ்வொரு பாறையிலும் முதலில் தட்டுவது அதுதான். அதைத் தட்டையான தகடாக்கி மேலே ஏற்றுவதில்தான் முதல் பெரிய செலவு இருக்க வேண்டும். 40 அங்குல டயர் தரும் ஒன்றரை அங்குலத்தை இந்த ஒரு தகடே, எடையைக் கூட்டாமல், வேண்டிய இடத்திலேயே தந்துவிடும்.

தாளில் இல்லாத இன்னொன்றையும் சேர்த்தேன். 2009-இல் கலிபோர்னியாவின் நீர்த்தர வாரியம், ரூபிகானில் மண் அரிப்பையும் எண்ணெய்க் கசிவையும் சரிசெய்யச் சொல்லி எல் டொராடோ கவுண்டிக்கும் வனத்துறைக்கும் உத்தரவு போட்டது. அந்தப் பாதை மூடப்படாமல் இருப்பதே அதற்காக உழைத்தவர்களால்தான். கவிழ்ந்தாலும் பெட்ரோல் ஒழுகாத வால்வும், எண்ணெயை உறிஞ்சும் பாயும் கசிவு மூட்டும் பசையும் எஞ்சினுக்கு முந்திய வரியில் வர வேண்டும்.

நேற்றிரவு பேசினோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ வி8 வேண்டாமா அண்ணா?" என்றார். வேண்டாம் தம்பி என்றேன். எதையும் வாங்குவதற்கு முன், வரும் ஆகஸ்டில் எங்களோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். கையில் அளவு நாடா இருக்கட்டும். முகாமில் வண்டிகள் நிற்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து, புதிதாகச் சிராய்ந்த இடம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த எண்களை வைத்து அவரே புதுத் தாளில் முதல் வரியை எழுதுவார்.