புல்லால் கட்டிய கோட்டை

மேரி டியூராக் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 1959-ல் வெளியிட்ட 'கிங்ஸ் இன் கிராஸ் காஸில்ஸ்' நாவல் அல்ல, குடும்ப வரலாறு. 'புல் கோட்டை அரசர்கள்' என்று தலைப்பைச் சொல்லலாம். கையில் எடுத்தால் நாவலைப் போலவே இழுத்துக்கொண்டு போகிறது.

பஞ்சத்தில் நொந்து, 1853-ல் அயர்லாந்திலிருந்து கப்பலேறிய குத்தகைக் குடியானவர்களின் கதை இது. ஆசிரியையின் பாட்டனார் பாட்ஸிதான் நாயகர். 1883-ல் அவர் குடும்பத்தார் குவீன்ஸ்லாந்திலிருந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளைச் சுமார் 3,000 மைல் ஓட்டிக்கொண்டு, 1885-ல் கிம்பர்லி சேர்ந்தார்கள். வறட்சியையும் சாவையும் ஆசிரியை நிதானமாகவே சொல்கிறார். அதுதான் புத்தகத்தின் பலம்.

எனக்கு ஒரு குறை உண்டு. பாட்ஸி பெரும் பண்ணை அமைத்த கூப்பர் கிரீக், பம்ப்கின் என்ற ஆதிக்குடி மனிதரின் சொந்த மண். அவரும் கிம்பர்லிக்கு வருகிறார். அவர் விசுவாசத்தை ஆசிரியை மனமாரப் போற்றுகிறார். அவர் மனசுக்குள் நுழையவில்லை. பிறர் நிலத்தில் குத்தகைக்காரராக வாடியவர்கள், கடல் தாண்டிப் பிறர் நிலத்துக்கு எஜமானர்கள் ஆகிறார்கள். இந்த முரண் ஆசிரியைக்குத் தெரியாததல்ல. பாட்டனார்மீதுள்ள பாசம் கையைப் பிடித்துக்கொள்கிறது.

1890-களில் பாட்ஸியின் செல்வம் கரைந்தது. கிம்பர்லியில் அவர்கள் வாழ்ந்த ஆர்கைல் வீடு இருந்த இடம் 1970-களில் அணை நீரில் மூழ்கியது. தலைப்பு பலித்துவிட்டது. கோட்டை இழந்தவர் கதை கிடைத்தது. மண் இழந்தவர் கதைக்குத்தான் மனம் ஏங்குகிறது.