டம்ளருக்கு நிழல் இல்லாத நாள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ராத்திரி பஸ்ஸில் வந்தால், எந்தக் குழந்தையும் கேட்காமல் இருக்காது: “நிலா ஏம்மா நம்ம கூடவே வருது?” “உன்னப் பார்க்கத்தான்” என்று அம்மா சொல்லிவிடுவார். தப்பில்லை. நிலா ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, பூமி சுற்றுகிறது என்றெல்லாம் ஐந்து வயதில் சொன்னால் பிள்ளை தலையாட்டும், நம்பாது. முதலில் வானம் நகர்வதைப் பார்க்கட்டும், காரணம் பிறகு வரட்டும் என்பது என் கட்சி.

இலங்கையில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரை, எந்தெந்த ஊரில் நண்பகலில் சூரியன் ‘உச்சம் கொடுக்கும்’, அதாவது நேர் தலைக்கு மேல் வரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் அறிவிக்கிறது. தெற்கே தெய்வேந்திரமுனைப் பக்கம் தொடங்கும் ஊர்ப்பெயர்கள் நாளுக்கு நாள் வடக்கே ஏறி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணம் வந்து சேரும். வானொலி கேட்கும் பிள்ளைக்குச் சூரியன் ஊர் ஊராக நடந்து வருவது போலிருக்கும்.

அதே சூரியன் அடுத்த வாரமே நம் தலைக்கு மேல். விழுப்புரத்தில் ஏப்ரல் 21 வாக்கில், திண்டிவனத்தில் மறுநாள். ‘நிழலில்லா நாள்’ என்று அறிவியல் ஆர்வலர்கள் சில இடங்களில் காட்டுகிறார்கள். மற்றபடி நமக்கு வெயில் என்றால் கத்திரிதான்.

போன சித்திரையில் அக்கா மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பதினொரு மணிக்கு மேற்கே நீண்டிருந்த நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டாள். 12.10க்கு நிழலே இல்லை. “உள்ள போயிடுச்சா மாமா?” என்று டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணிக்கு அது கிழக்கே எட்டிப்பார்த்தது. உலக உருண்டையும் டார்ச் லைட்டும் வைத்து நான் நடத்திய எந்தப் பாடமும் இந்த அளவுக்கு எடுபட்டதில்லை.

விக்கிரவாண்டி அருகே பனையபுரம் பனங்காட்டீஸ்வரர் கோயிலில் சித்திரை முதல் ஏழு நாள் காலை வெயில் மூலவர்மேல் விழும். எட்டாம் நாள் ஏன் விழவில்லை என்று கேட்க வைத்தால் போதும். சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஏப்ரலில் இங்கே பரீட்சையும் லீவும், இலங்கையில் புத்தாண்டு விடுமுறை. ஆனால் ஆகஸ்டில் சூரியன் தெற்கே திரும்புகிறது. அப்போது நம் முறைதான் முதலில்: 20, 21 வாக்கில், 12.15ஐ ஒட்டி. பள்ளிக்கூடம் திறந்திருக்கும். மேகம் விலகினால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அது 28ஆம் தேதி வாக்கில்தான்.