அடுப்பு பற்றவைக்காத கடை

தெருமுனை இட்லிக் கடை விலைக்கு வருகிறது. வாங்கப் போகிறீர்கள். என்ன கேட்பீர்கள்? தினம் எத்தனை ஈடு ஓடுகிறது, வாடகை எவ்வளவு, கடன் பாக்கி உண்டா, எல்லாம் போக கையில் என்ன நிற்கும்? நாலு நாள் எதிர் பிளாட்பாரத்தில் நின்று கூட்டத்தை எண்ணிக்கூடப் பார்ப்பீர்கள்.

அதே நீங்கள், பங்கு வாங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "லிஸ்டிங் அன்னிக்கு எவ்வளவு சார் ஏறும்?"

2008 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்ட மாதம். ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு வந்தது. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு, பெரிய நிறுவனங்களுக்கு 450. நம்மைப் போன்றவர்களுக்கு 430. இதற்காகவே டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் ஏராளம். ஆரம்பித்த ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை பங்குகளுக்கும் ஆள் வந்துவிட்டது. முடிவில் 73 மடங்கு!

450 ரூபாய்க் கணக்கில் மொத்தக் கம்பெனியின் மதிப்பு சுமார் 1 லட்சம் கோடி. அன்றைக்கு அதனிடம் ஓடிக்கொண்டிருந்த மின் நிலையங்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. எல்லாமே திட்டங்கள். இதை யாரும் மறைக்கவில்லை, விளக்க அறிக்கையிலேயே இருந்தது. படித்தவர்கள்தான் குறைவு.

பிப்ரவரி 11-ல் பட்டியலிடப்பட்டது. அன்று மாலையே 372.50. ஐந்துக்கு மூன்று போனஸ் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். 430-க்கு வாங்கியவரின் அடக்கம் சுமார் 269 ஆனது.

அப்புறம் அடுப்பு பற்றவே இல்லையா? பற்றியது. மத்தியப் பிரதேசத்தின் சாசனில் 3,960 மெகாவாட் நிலையம் 2015-ல் முழுசாக ஓட ஆரம்பித்தது. ஆனால் கிருஷ்ணப்பட்டினம் திட்டம் இந்தோனேசிய நிலக்கரி விலையேற்றத்தில் நின்றுபோனது. திலையாவுக்கு நிலம் வந்து சேரவில்லை. கடனோ மலையாக நின்றது. 2020 மார்ச்சில் அந்தப் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே!

கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. எல்லாத் திட்டமும் தடங்கலில்லாமல் முடிந்து, லாபமும் கொட்டிவிட்டதாக நினைத்து முதல் நாளே விலை கொடுத்தது நாம்தானே? அதில் எத்தனை பேருடைய பி.எஃப். பணம், எத்தனை வீட்டுக் கல்யாணச் செலவு!

அடுத்த முறை யாராவது காதோடு காதாக 'டிப்ஸ்' சொன்னால், ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பை அதன் தொழில் தரும் வருஷ லாபத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண், போட்ட பணத்தை இன்றைய லாபத்தில் எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்லும். நூறு வந்தால், உங்கள் பேரனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லாபமே இல்லையா? பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று கணக்கு வாத்தியார் அன்றே சொன்னாரே, மறந்துட்டீங்களா?