எண்ணில் தெரிந்தால் துல்லியமா?

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் பழைய புல்லட் ஓட்டும் நண்பர்கள் சிலர், கேபிள் வேகமானியைக் கழற்றிவிட்டு மின்னணு வேகமானியைப் பொருத்த விரும்புகின்றனர். எண்ணில் காட்டுவது துல்லியமானது என்பது அவர்கள் வாதம். இது சரிதானா?

பழைய கருவிக்கு ஓட்டோ சுல்ட்சே என்பவர் 1902இல் காப்புரிமை பெற்றார். முன்சக்கரம் கேபிளையும், கேபிள் ஒரு காந்தத்தையும் சுழற்றுகின்றன. காந்தத்தை ஒட்டியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, கிண்ணத்தைத் திருப்ப முயல்கிறது. இத்திருப்புவிசையும் மெல்லிய சுருள்வில்லின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. இதற்கு பாட்டரி தேவையில்லை!

மின்னணுக் கருவியில், சக்கரத்தில் பொருத்திய காந்தம் உணர்வியைக் கடக்கும்தோறும் ஒரு மின்துடிப்பு உண்டாகிறது. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனில், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 5 துடிப்புகள். நொடிக்கொரு முறை எண்ணும் கருவியில் ஒரு துடிப்பு தவறினாலே 7.2 கிலோமீட்டர் பிழை! ஆகவே, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட 0.2 நொடியை அளக்கும் கருவியே ஏற்றது. அதிலும் சுற்றளவை 2.1 மீட்டர் எனத் தவறாகப் பதித்தால், 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

பழையதிலும் குறை உண்டு. மழை ஈரத்தில் கேபிள் துருப்பிடித்தால் முள் துள்ளும். மூடுபனியில் வளைவுகளில் இறங்குகையில் அதை நம்ப முடியாது. ஆனால் புதுக் கேபிளும் கிரீசும் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முதலில் அதைச் செய்க. பிறகும் மாற்ற விரும்பினால், வண்டியின் மின்னமைப்பு 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குக. ஒருவரை வண்டியில் அமர்த்தி, சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, கடந்த தொலைவைத் தரையில் அளந்து அந்த எண்ணைப் பதியுங்கள். கருவியின் துல்லியம் உங்கள் அளவுநாடாவில் தொடங்குகிறது.